அத்தை பார்த்த பின்வாசல்

எண்பதுகளின் தொடக்கம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. சங்கரன்கோவிலில் அப்பா, அத்தை, நான் மூவரும் கோயம்புத்தூருக்கு முதல் பஸ் பிடித்தோம். ஆடியில் நடக்கவிருந்த பொறியியல் நேர்முகத் தேர்வுக்கு எனக்கு அழைப்பு வந்திருந்தது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று அதிகாரிகள் முன்னால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

அப்பாவின் மனது மதுரையில் இருந்தது. "எலெக்ட்ரிக்கல் கெடைக்கும். சனிக்கிழமைன்னா வீட்டுக்கு வந்திரலாம்." எனக்கோ இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங். அப்பாவின் விசைத்தறிக் கொட்டகையில் நூல் பெட்டி ஒரு மூலை, தறிகள் எதிர்மூலை. ஆட்கள் நாளெல்லாம் நடந்துகொண்டிருப்பார்கள். அந்த வீண் நடையைக் குறைக்கவே ஒரு படிப்பு உண்டு என்று நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. மதுரையில் அது கிடையாது. கோயம்புத்தூரில் இருந்தது.

"அக்கா அந்தக் காலேஜப் பாத்துட்டுச் சொல்லட்டும்" என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவது அத்தைதான். சொல்லாமல் போவார். பின்வாசல் வழியாகத்தான் நுழைவார். வாசுதேவநல்லூரில் ஒரு நல்ல சம்பந்தத்தை, கொல்லையில் சாக்குப் போட்டு மூடிவைத்த குப்பையைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றவர். பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கல்லூரியின் பின்வாசலில் இரும்பு ஏற்றிய லாரி நின்றது. அதை ஒட்டி உள்ளே போனோம். பட்டறைக்குப் பின்னால் நடுமுற்றத்தில் கறுத்த வார்ப்பிரும்புத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. ஓட்டை விழுந்தவை, கோணியவை, விரிசல் விட்டவை. போச்சு, சாக்குகூடப் போடவில்லையே!

குவியலைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் குந்தியிருந்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் சீட்டுக் கட்டி, ஏன் கெட்டது என்று சத்தமாகச் சண்டை போட்டார்கள். வார்ப்பு அச்சின் மணல் ஈரம் என்றான் ஒருவன். இல்லை, உலோகம் ஊற்றிய ஆளின் அவசரம் என்றாள் கையெல்லாம் கரியாக இருந்த ஒரு பெண். எது எதனால் வீணாகிறது என்று தேடும், நான் ஆசைப்பட்ட அந்தப் படிப்பு என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது!

அத்தை நேரே அந்தப் பெண்ணிடம் போனார். "தாயி, ஒங்க ஆஸ்டல்ல கதவுக்கு உள்தாழ்ப்பா இருக்கா?"

"இருக்குதுங்கம்மா."

"சாப்பாடு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. சாம்பார்ல பருப்பைத் தேடோணுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை இடுப்பில் கைவைத்துக் குவியலைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"ஏலே, இத்தன மாப்ள வீடு பாத்திருக்கேன். எவனாவது கெட்டுப்போனத நடுமுத்தத்துல கொட்டி, ஏன் கெட்டுச்சுன்னு பேசியிருக்கானா? இங்கன விடு பிள்ளைய."

"சாப்பாடு சரியில்லைன்னு சொல்லுதாளேக்கா."

"ஊறுகா போட்டுக் குடுத்தனுப்புலே. அதுக்குப் போயி மதுரையா?"

அப்பா குனிந்து ஒரு துண்டை எடுத்து, அதன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இது எதனால தம்பி?" என்று பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் நேர்முகத் தேர்வு. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "நீங்க எந்தக் கல்லூரி" என்று தொடங்கினார்.

"கோயம்புத்தூர் சார். இண்டஸ்ட்ரியல்."

"கேள்விய முடிக்கட்டுமாம்மா?" என்றார் அவர்.