ஞானசௌந்தரி திரும்பப் பெற்ற கட்டுரை

ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது ஞானசௌந்தரிக்குப் புனேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. சின்மயி என்ற ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். முதல் மூன்று பத்தியும் பாராட்டு. நான்காவது பத்தியில் ஒரு கேள்வி.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் வந்த கட்டுரையைப் பற்றியது அது. வட்டி விகிதத்தைக் குறைத்தால் ஆறே மாதத்தில் சிறு தொழிற்சாலைகளின் உற்பத்தி கூடுகிறது என்று ஞானசௌந்தரி அதில் காட்டியிருந்தார். வேளச்சேரியில் அவர் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் யாரிடம் அறிமுகப்படுத்தினாலும் அந்தக் கட்டுரையைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார்கள். பதவி உயர்வும் வெளிநாட்டுக் கருத்தரங்குகளும் அதற்குப் பிறகு வந்தவை.

உற்பத்திக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு மாறி, எண்களின் அளவே வேறானபோது பழைய எண்களையும் புதிய எண்களையும் எப்படி இணைத்தீர்கள் என்று சின்மயி கேட்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, சேலையூர் வீட்டில் ஞானசௌந்தரி பழைய கோப்பைத் தேடித் திறந்தார். பழைய எண்கள் முடிந்த இடத்திலேயே புதியவை தொடங்கியிருந்தன. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கணக்கு எங்குமே இல்லை. அளவு மாறியதால் வந்த ஏற்றம் வளர்ச்சியாகத் தெரிந்திருக்கிறது. வட்டி விகிதம் குறைந்ததும் அதே வருடம்தான். திருத்திப் போட்டுப் பார்த்தார். ஆறு மாதத்து வளர்ச்சி காணாமல் போயிருந்தது. இன்னும் மூன்று முறை போட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார்.

"குழம்புல உப்பு ஜாஸ்தியாயிடுச்சோ?" என்றார் கணவர் ஆபேல். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று அவர் சமையல்.

"தெரியலைங்க." பாதித் தட்டு காலியாகியிருந்தது.

திங்கட்கிழமை குமரேசனுக்குப் போன் செய்தார். அந்தக் கட்டுரையை அவரோடு சேர்ந்து எழுதியவர். இப்போது டெல்லியில் பெரிய பதவியில் இருந்தார்.

"மேடம், அப்போ நிறைய பேர் அப்படித்தான் பண்ணாங்க."

"மத்தவங்க பண்ணது எனக்குத் தெரியாது குமரேசன். இதை நான் பண்ணேன்."

"நீங்க ரிடையர் ஆகப்போறீங்க. எனக்கு இன்னும் ஒம்போது வருஷம் சர்வீஸ் இருக்கு."

"டேட்டா ஃபைல் போட்டது நான்தான்னு தெளிவா எழுதிடறேன்."

"உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். அதன் பிறகு பேசவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக ஆய்விதழில் ஏழு வரி அறிவிப்பு வந்தது. அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. லிஃப்டில் பள்ளிக்கரணை டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார்கள், அவரும் பேசினார். அழுகை வரும் என்று சில நாள் எதிர்பார்த்தார். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தார், உட்கார்ந்தபோது உட்கார்ந்தார்.

பிரிவு உபசார விழாவில் இயக்குநர் பாராட்டுரை வாசித்தார். யாரோ பழைய குறிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இரண்டாவது வரியிலேயே அந்தக் கட்டுரை வந்துவிட்டது. ஞானசௌந்தரி மைக்கை வாங்கினார்.

"அந்தக் கட்டுரை தப்பு. போன மாசம் வாபஸ் வாங்கிட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். அடக்கத்தில் சொல்கிறார் என்று பலரும் நினைத்துக்கொண்டது முகங்களில் தெரிந்தது. இயக்குநர் சால்வை போர்த்தினார். ஞானசௌந்தரி குனிந்து வாங்கிக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் கேம்ப் ரோட்டில் கார் நகராமல் நின்றபோது ஆபேல் கேட்டார்: "வருத்தமா இருக்கா, சௌந்தரி?"

"இல்லைங்க. ஒண்ணுமே தோணலை. பொய்யா எழுதினேனான்னு என்னையே கேட்டுப் பாத்தேன். இல்லை. அப்பவும் ஒண்ணும் தோணலை."



மழைக்காலத்தில் சின்மயி தன் புதிய கட்டுரையை அனுப்பினார். வட்டி குறைந்தால் சிறு தொழில்களில் ஒன்றரை வருடம் கழித்து ஏதோ கொஞ்சம் மாற்றம் தெரிகிறது, அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது முடிவு. பொறுமையான வேலை. ஞானசௌந்தரி இரண்டு முறை வாசித்தார். ஒன்பதாம் பக்க அட்டவணையில் ஒரு தலைப்பு இடம் மாறியிருந்தது. அதை மட்டும் குறிப்பிட்டுப் பதில் எழுதி அனுப்பிவிட்டு, மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவரப் போனார்.