மீன் ஐஸும் நன்னாரி சர்பத்தும்

திற்பரப்பு அருவிக்குப் போகும் வழியில் சர்பத் கடை வைத்திருக்கிறேன். விலை குறைவென்று மீனுக்குப் போடும் கட்டி ஐஸைத்தான் வாங்கி, உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு.

ஒருநாள் ஐஸ் வண்டி வந்தபோது, சர்பத்துக்காக நின்ற ஒரு அக்கா அதையே பார்த்தார். கடற்கரையில் மீன் விற்பவராம். கூட்டத்துக்கு முன்னால் எதுவும் சொல்லாமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மக்கா, இது எங்க மீனுக்கு வர்ற ஐஸுல்லா? மீனக் கழுவி, வேக வச்சுல்லா தின்னுதோம். இத பிள்ளைங்க அப்பிடியே குடிக்குமே!"

எனக்கு முகம் செத்துப்போனது. இறக்கிய கட்டிகளை வண்டியிலேயே திருப்பி ஏற்றினேன். நல்ல சீசன் கூட்டம். ஆனாலும் அன்று ஐஸ் இல்லாத சர்பத்துதான்.

இப்போது காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை நானே ஃப்ரீசரில் உறையவைக்கிறேன். சோதனைக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்பதற்கு முன்பே ஃப்ரீசரைத் திறந்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

போன மாதம் அந்த அக்கா பேத்தியோடு வந்தார். ஃப்ரீசரை எட்டிப் பார்த்தார்.

"ஐஸ் கொஞ்சம் கூடுதலாப் போடு மக்கா" என்றவர், முதல் தம்ளரைப் பேத்தியிடம் நீட்டினார்.

அதிகாரி போட்ட கையெழுத்தைவிட எனக்கு அது பெரிது.