வாந்தி பேண்டு

ஐந்தாம் வகுப்பு முடியும்வரை நான் வண்டியில் தினமும் போகிற பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் படாளத்திலேயே இருந்தது, நடந்து போனேன். ஆறாம் வகுப்புக்குச் செங்கல்பட்டில் ஓர் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் பெண் நான். முதல் நாளே வேனில் வாந்தி எடுத்தேன், மாமண்டூர் வருவதற்கு முன்பே. இரண்டாம் நாளும் எடுத்தேன். அதற்கப்புறம் யாரும் ஆச்சரியப்படவில்லை.

வேன் பிள்ளைகள் எனக்கு வாந்தி என்றே பெயர் வைத்தார்கள். டிரைவர் அண்ணன் அவர்களுக்கும் மேலே. வண்டியை ஓரங்கட்டி மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே, "இன்னா பாப்பா, இன்னிக்கு எலுமிச்ச சோறா? உங்கம்மா கடுகு ஜாஸ்தி போட்டுகீது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு அந்த ஆளைக் கடித்துவிடலாம் போலிருக்கும். இப்போது யோசித்தால் திட்ட வாய் வரவில்லை. தினமும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாந்தியைக் கழுவுகிறவன் அதுகூடப் பேசமாட்டானா?

எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தேன். புளிப்பு மிட்டாய் சப்பினேன். வெறும் வயிற்றோடு போனேன். சீட்டில் பேப்பர் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் வராது என்றார்கள், அதையும் செய்தேன். துடைக்கக் கைக்குப் பக்கத்தில் பேப்பர் இருந்ததுதான் அதில் கண்ட லாபம்.

ஒரு சனிக்கிழமை டிரைவர் அண்ணன் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகளின் வீட்டில் சத்தம் போடுகிறார்களாம். இன்னொரு தடவை எடுத்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் பக்கம் வருகிற வண்டி அது ஒன்றுதான். பஸ்ஸில் என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை, அவருக்கு ஷிப்டு வேலை, கூட வரவும் முடியாது. அப்படியென்றால் பழைய பள்ளிக்கே திரும்ப வேண்டியதுதான். அந்தப் பள்ளியில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் தெரு முழுக்கப் பெருமையடித்துவிட்டுப் போனவள், வாந்தி எடுத்துத் திரும்பி வந்தாள் என்று பேர் வாங்குவதா? அதைவிடக் கேவலம் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

மறுநாள் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. மாமல்லபுரத்தில் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, படகில் போகும்போது வாந்தி வராமலிருக்கக் கையில் போட்டுக்கொள்வதை ஊருக்குக் கிளம்பும்போது சித்திக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாம்பல் நிறத்தில் இரண்டு பட்டை, இழுத்தால் நீளும். பேண்டு என்றாள் சித்தி. உள்பக்கம் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் குமிழ். சித்தி என் கையைத் திருப்பி, மணிக்கட்டு ரேகைக்குக் கீழே என் மூன்று விரலையே வைத்து அளந்து, இரண்டு நரம்புக்கு நடுவில் குமிழ் அழுத்துகிற மாதிரி மாட்டிவிட்டாள். ஒரு கைக்கு ஒன்று.

"துணி கட்னா வாந்தி நிக்குமா? அப்ப டாக்டருங்க இன்னாத்துக்கு கீறாங்க?" என்றார் அப்பா.

நியாயமான கேள்விதான். பேண்டு வேலை செய்ததா, நான் நம்பியது வேலை செய்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சிறுசேரிக்கு வேலைக்காக கேப் வண்டியில் போகும்போது இப்போதும் ஒரு ஜோடி மாட்டிக்கொள்கிறேன், யார் என்ன நினைத்தாலும் சரி. பேண்டு மாட்டிய மறுநாள், திங்கட்கிழமை, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்வரை டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு பேண்டைக் காணோம். கேட்டால், துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன் என்றாள் அம்மா. மூன்று நாள் காய்ந்தது அது. ஞாயிற்றுக்கிழமை, அரிசி மில்லில் அரை நாள் வேலை முடிந்து அம்மா வந்தாள். வேலைக்குப் போகும்போது புடவைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வாள். முகம் கழுவச் சட்டைக்கையை மடித்தாள். வளையலுக்கு மேலே என் பேண்டு.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மில் நடக்கிற தூரம். அம்மா எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. அவளுக்கு எதற்கு? உனக்கு ஒன்று போதும் என்றாள் அம்மா. அன்று சித்தியும் வந்திருந்தாள். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"உங்கம்மா முழுகாம கீதுடி. சோத்தப் பாத்தாலே அதுக்குக் கொமட்டுது. கொஞ்ச நாளைக்கு வுட்டுக்குடு."

எனக்குத் தெரிந்த முழுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பதுதான். அம்மா அதைத் தள்ளிப்போட்டுவிட்டு என் பேண்டைப் பிடுங்கிக்கொண்டாள் என்று புரிந்துகொண்டேன்.

"அப்ப தலைக்கு ஊத்திக்கச் சொல்லு, எல்லாம் சரியாப்பூடும்" என்றேன்.

சித்தி என் வாயிலேயே ஒன்று போட்டாள். அம்மாவோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஒருத்தி ஏன் அடிக்கிறாள், ஒருத்தி ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. முழுகாமல் இருப்பது என்றால் மாசமாக இருப்பது. மாசமாக இருப்பவள் தலைக்கு ஊற்றிக்கொண்டாள் என்றால் பிள்ளை தங்கவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. அதுவும் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு எதையும் நேராகச் சொல்லக்கூடாது என்று இவர்களுக்கு யார் சட்டம் போட்டார்களோ.

ஒற்றைப் பேண்டோடு திங்கள் தப்பித்தேன். செவ்வாய் பாலாற்றுப் பாலத்தின் நடுவில், முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பைமேல் எடுத்துவிட்டேன். டிரைவர் அண்ணன் கிண்டல்கூடச் செய்யவில்லை. நாளையிலிருந்து வராதே என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், எல்லாம் உன்னால்தான் என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன்.

மறுநாள் காலை வேன் வரும் நேரத்துக்கு அம்மா ரோட்டில் போய் நின்றாள். யாரிடமும் கெஞ்சுகிற ஆள் இல்லை அவள்.

"அண்ணா, ஒரு வாரம் பாரு. அப்பவும் எடுத்தா நானே வந்து எறக்கிக்கினு பூடறேன்."

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஏறச் சொல்லித் தலையாட்டினார். அந்த வாரம் பேண்டை ஒரு கையில் போட்டு, இன்னொரு கையில் அதே இடத்தைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போனேன். தோல் கன்றிப்போனது. வெள்ளிக்கிழமைவரை தாக்குப்பிடித்தேன்.

வெள்ளி மாலை வீட்டில் அம்மா இல்லை. உடம்பு சரியில்லை, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்றார் அப்பா. சித்தி கூடப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். சித்தி வெந்நீர் போட்டு அம்மாவைத் தலைக்குக் குளிக்கவைத்தாள். ஈரத்தலையில் துண்டோடு அம்மா என்னைக் கூப்பிட்டு, பேண்டைத் தன் கையிலிருந்து கழற்றி, என் விரலை வைத்து அளந்து மாட்டிவிட்டாள். "இந்தா. இனிமே எனக்கு வாணாம்" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, தலைக்கு ஊத்திக்கினா சரியாப்பூடும்னு" என்றேன்.

சித்தி வெளியே எழுந்து போய்விட்டாள். அம்மா, "ஆமா பாப்பா, சொன்ன" என்றாள்.

திங்கட்கிழமை இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டே வேனுக்குப் போனேன். டிரைவர் அண்ணன் தன் பக்கத்து சீட்டில் கிடந்த சாப்பாட்டுப் பையை எடுத்துக் காலடியில் வைத்துவிட்டு, "இங்க குந்து பாப்பா. இனிமே நீ இங்கதான்" என்றார். வாசலில் நின்ற அம்மாவிடம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் தெரிந்திருந்தது. தெருவில் தெரியாதவள் நான் ஒருத்திதான். இரண்டு பேண்டையும் பார்த்துப் பயந்துபோய்த்தான் முன் சீட்டைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

அன்று வாந்தி வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. பள்ளி எனக்கு நிலைத்தது. சாயங்காலம் வீட்டுக்குள் ஓடி, நான் ஜெயித்துவிட்டேன் என்று கத்தினேன். மில்லில் இருக்க வேண்டிய நேரத்தில் அம்மா பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. எழுந்து சோறு போடச் சொன்னேன். எனக்கு நல்ல பசி.