தற்காலிகம்

மண்சரிவில் எங்கள் தோட்டத்து லய வீடுகள் போனபின் ஹேவாஹெட்டையில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்தார்கள். "தற்காலிகம்தான்" என்றார் கண்டியிலிருந்து வந்த அதிகாரி. மகள் அதில்தான் பிறந்தாள். இப்போது பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கும் வந்துவிட்டாள்.

பள்ளியில் அந்தச் சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னார்களாம். "நான் தற்காலிக வீட்டில் பிறந்து வளர்ந்தேன்" என்று எழுதியிருந்தாள். கொப்பியில் அதற்குச் சிவப்பு மையில் பிழை போட்டிருந்தது. அதோடு டீச்சர் முன் போய் நின்றேன்.

"கொஞ்ச நாளைக்கு மட்டும்னுதாங்க அதுக்கு அர்த்தம்" என்றார் டீச்சர்.

நான் ஐந்தாம் ஆண்டோடு நின்றவன். ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது. "பத்து வருசமா அதுக்குள்ளதான இருக்கா? தற்காலிகம்னு அந்த ஐயா சொன்னதுக்குப் பிழை போடுங்க டீச்சர்!"

வீட்டுக்கு வந்ததும், பரீட்சையில் புள்ளி போய்விடுமோ என்று பயந்து அவளை வேறு வாக்கியம் எழுத வைத்தேன்.

"நீங்களுமாப்பா?" என்றாள்.

அவளுடைய அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.