வண்டி மேல் ஏறிய ரம்பம்

என் கணவருக்கு மரம் அறுக்கும் மெஷின் மேல் பைத்தியம் பிடித்தது இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில். எங்கள் நாமக்கல் பக்கத்தில் கெட்டி மரத்துக்குப் பஞ்சமில்லை. வேலா, வாகை, வேம்பு, புளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம்தான். அறுக்கத்தான் ஆளில்லை. ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளேயும் நின்று ரம்பம் இழுப்பவர்கள் நல்ல கூலி தேடி வெளியூர் போய்விட்டார்கள். இராசிபுரத்து நெசவாளிகள் தறிக்கு மரம் கேட்டார்கள், வண்டிக்காரர்கள் சக்கரத்துக்குக் கேட்டார்கள். ஒரு வேலா மரத்தைச் சேலத்து மில்லுக்கு இழுத்துப் போய்ச் சேர்ப்பதற்குள் மாட்டுக்கு நாக்குத் தள்ளிவிடும். மரம் மில்லுக்குப் போவதற்குப் பதில் மில் மரத்திடம் போனால் என்ன என்று அவர் கேட்டார்.

அதில் தப்பொன்றும் இல்லை. அந்த மெஷினை வாங்குவதா, நாமே செய்வதா என்பதில்தான் வம்பு வந்தது. மூத்தார், அதாவது அவருடைய அண்ணன், வாங்கு என்றார். ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் சீமை மெஷின் ஒன்று சக்கரத்தோடும் எஞ்சினோடும் சும்மா கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள் என்று நேரிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நாலு பேரு ஓட்டிப் பாத்த மெசினுடா தம்பி. நீ இன்னும் பொறக்கவே பொறக்காத ஒன்னை நம்பச் சொல்ற" என்றார்.

"அது மெத்து மரத்துக்குச் செஞ்சதுங்கண்ணா. நம்ம வேலா மரத்தைக் குடுத்தாப் பல்லைக் காட்டிப்போடும்" என்றார் இவர்.

நான் இவர் கட்சி. மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதற்கு முன் சில வருஷங்களாக எங்கள் வீட்டில் சிரிப்பே இல்லாமல் இருந்தது. எதையாவது செய்து மனுஷன் சிரித்தால் போதும் என்று இருந்தேன்.

அரிசி மில்லில் கழித்துவிட்ட ஆயில் எஞ்சின் ஒன்று கிடைத்தது. எங்கள் பழைய பார வண்டியின் மேல் அதை ஏற்றினார். சூரமங்கலத்து லேத்துப் பட்டறையில் தவம் கிடந்து வட்ட ரம்பத்துக்கு ஷாப்ட் கடைந்து வந்தார். எங்கள் சாளை வீடு முழுக்க எண்ணெய்க் கறை. முதல் நாள் எஞ்சினைக் கிளப்பி ரம்பத்தை மரத்தில் வைத்ததும், மரம் இருந்த இடத்திலேயே இருந்தது, வண்டிதான் நகர்ந்து போனது. மூத்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாள் பள்ளம் வெட்டி, சக்கரங்களைப் பாதிக்கு மேல் இறக்கி, கல்லைக் கொடுத்து இறுக்கினார். அதன் பிறகு அறுக்கும்போது அந்த வண்டி அசையவில்லை.

வாகையை அறுத்தது, வேம்பை அறுத்தது. கடைசியில் வயதான வேலா மரம் ஒன்றையும் கத்திக்கொண்டே அறுத்து முடித்தது. மூத்தார் வந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "செஞ்சுபோட்டியேடா" என்றார். என் கணவர் அன்று சாப்பிட உட்காரவே இல்லை. கையில் சோற்றோடு மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவரை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஆடிக் காற்றில் எங்கள் காட்டுக் கோடியில் நின்ற புளியமரம் சாய்ந்தது. வைரம் பாய்ந்த மரம், மாடு கட்டி இழுக்க முடியாது. மெஷின் அங்கே போனது. நான் வீட்டில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரம்பச் சத்தம் இழுத்துக்கொண்டே வந்து சட்டென்று ஒரு பெரிய அலறலாக மாறி நின்றது. ஓடினேன். ரம்பத்தின் பல் ஒன்று தெறித்து அவருடைய இடது கண்ணில் அடித்திருந்தது. ரத்தத்தை நான் பார்த்தேன். ரம்பம் மரத்தில் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்பதையும் பார்த்தேன். அது என் ஆணி.

அதற்குச் சில வருஷம் முன்பு எங்கள் மூத்த பிள்ளை நடை பழகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். நான் பல நாள் சோறு தண்ணீர் இல்லாமல், யாரோடும் பேசாமல் கிடந்தேன். எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று மாமியார் முடிவு கட்டினார். இப்படிப்பட்டவர்களைக் கோயில் மரத்துக்குக் கூட்டிப் போவதுதான் வழக்கம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, பூசாரியை விடியற்காலையில் எங்கள் காட்டுப் புளியமரத்துக்கே வரவழைத்தார். என் முடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி மரத்தில் அடித்து, முடியை அறுத்துவிட்டார்கள். என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். வருஷம் போகப் போகப் பட்டை வளர்ந்து ஆணியை மூடிவிட்டது. மாமியாரும் பூசாரியும் போய்ச் சேர்ந்தார்கள். தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மூத்தார் அழுதார். "வாங்கியிருக்கலாமேடா தம்பி" என்றார். நான் ஆணியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"ஆமாங்கண்ணா. செஞ்சதுதான் தப்பு" என்றார்.

செத்துப்போன அம்மாவின் பேர் கெட வேண்டாம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று நானும் அடங்கிவிட்டேன். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த அடிமரத்தைப் பலகை அறுக்காமல், கோடாலியால் துண்டு போட்டு, விறகாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பினார். மெஷினைக் கழற்றி எஞ்சினைக் கிணற்றில் மாட்டினார். ஏற்காட்டு மெஷினை மூத்தார் வாங்கி ஓட்டினார், அது நன்றாகவே ஓடியது. யாராவது எதையாவது சொந்தமாகச் செய்து பார்க்கலாம் என்று கிளம்பினால், "வேண்டாஞ்சாமி, அவரைப் பாரு, கண்ணு போச்சு" என்று ஊரில் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் செய்த மெஷினில் ஒரு குறையும் இல்லை. அந்த ஆணியில் பட்டிருந்தால் சீமை ரம்பமும்தான் பல்லை உதிர்த்திருக்கும். அவரோ அந்தப் பேச்சைத் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில், அன்று மரம் தள்ளிக் கொடுத்த ஆளைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார்: "எந்த மரத்தை ஏத்துனாலும் ஆணி கீணி இருக்குதுங்களான்னு கேக்காம ரம்பம் வெக்க மாட்டமுங்க அம்மிணி. அன்னைக்கும் கேட்டனுங்க. ஒன்னுமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க."

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, ஆணி இல்லைன்னு சொன்னீங்களாமா?"

அவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. "பின்ன என்னன்னு சொல்றது? எம் பொண்டாட்டிக்குப் பேய் புடிச்சுதுன்னு ஆணியடிச்ச எடம் இதுதான்னு, அத்தனை பேருக்கு முன்னால கையைக் காட்டச் சொல்றியா? ரம்பம் அதுல படாமத் தப்பிப் போயிரும்னு பாத்தேன்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "எனக்கு அதுல என்னங்க வெக்கம்? புள்ளையைப் பறிகுடுத்தவ அழுதேன். பேயுமில்லை, ஒன்னுமில்லை. ஒரு சத்தம் குடுத்திருந்தா நானே வந்து எடத்தைக் காட்டியிருப்பனே."

இருந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார்.

"நெசமாவா அம்மிணி?"

"நெசமாத்தானுங்க."

"அப்பறம் நான் எதுக்கு…" என்று ஆரம்பித்தார். பாதி திரித்த கயிற்றைக் கீழே வைத்துவிட்டு, போன கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.