மூடாத குழாய்

மருத்துவக் கல்லூரியில் நான் உடற்கூறியல் ஆசிரியை. ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பாடம் நடத்துவேன். வயிற்றிலிருக்கும் பிள்ளை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகவேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி ஒரு குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குப் போய்விடும். பிறந்து அழுததும் அந்தக் குழாய் சுருங்கும். ஓரிரு நாளில் அடைந்து, சில வாரங்களில் வெறும் நாராகிவிடும். தொப்புள்கொடி நாளமும் அப்படித்தான், கல்லீரலோரம் கயிறுபோல் மிஞ்சும். இதையெல்லாம் புத்தகம் பார்க்காமலே கரும்பலகையில் வரைவேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தங்கையை இராஜாக்கமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகளுக்கு இரண்டு மாதமானபோது பார்க்கப் போனேன். பிள்ளை நாலு வாய் குடிக்கும், விட்டுவிடும், நெற்றி வேர்க்கும், மறுபடி அழும். எடையும் ஏறவில்லை. இவளுக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை என்று மாமியார் குறைப்பட்டார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"ஏட்டி, நீ செல்போனப் பாத்துட்டு இருந்தா பிள்ள எப்படிக் குடிக்கும்?" என்றேன்.

அவள் தலை குனிந்துகொண்டாள். பிள்ளையின் நெஞ்சில் நான் கைகூட வைத்துப் பார்க்கவில்லை.

மறுவாரம் வீட்டுக்கு வந்த கிராமச் செவிலியர், பிள்ளைக்கு மூச்சு வாங்குவதைக் கண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது இதயத்துக்கு எக்கோ எடுத்து முடித்திருந்தார்கள். பிறந்ததும் மூடவேண்டிய குழாய் மூடவில்லை. டாக்டர் தாளில் வரைந்து காட்டிய படத்தைத் தங்கை என்னிடம் நீட்டினாள்.

"இதத்தானேக்கா நீ காலேஜில சொல்லிக் குடுக்க?"

கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

மருந்து கொடுத்து எடை ஏற்றி, சில மாதம் கழித்துத் தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு சிறு அடைப்பானைச் செலுத்திக் குழாயை மூடினார்கள். பிள்ளை நன்றாகத் தேறினாள். வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் போய் மாமியார் முன்னால் உட்கார்ந்தேன்.

"அவகிட்ட ஒரு குறையும் இல்ல, அத்தை. தப்பு எனக்க மேலதான். பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

அடுக்களையில் தங்கை தேங்காய் துருவும் சத்தம் சற்று நின்றது, பிறகு தொடர்ந்தது.

இப்போதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அது விட்டபிறகுதான் தங்கை எனக்குச் சொல்கிறாள். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை.