அளக்காமல் விட்ட டயர்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சாமி கும்பிடுகிறவன். வெள்ளிக்கிழமை கன்னியம்மாவுக்குக் கற்பூரம் ஏற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் பேய், காற்று, கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். எங்கள் பழவேற்காட்டுப் பக்கம் அந்தக் கதைகளுக்குக் குறைச்சலே இல்லை. ஏரியில் விளக்கு போச்சு, படகில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள் என்று எவனாவது சொன்னால், "முன்னாடி எத்தினி கிளாஸ் உட்டே?" என்று கேட்பேன். அப்படிப்பட்ட நான்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது இருட்டில் இல்லை. வெயில் கொளுத்துகிற காலை பத்து மணிக்கு.

என் பெயர் ஏழுமலை. ஏரியில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. என் மனைவி செல்வி இன்றைக்கும் இறங்குகிறாள். நான் மட்டும் மீஞ்சூரில் ரயில் ஏறிச் சென்னை விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகிறேன். டிக்கெட் வாங்கி ஜனங்கள் போகிற பெரிய விமானம் இல்லை, ஒரு முதலாளி சொந்தமாக வைத்திருக்கிற எட்டுப் பேர் உட்காரும் சின்ன ஜெட். நான் அதற்கு உதவி ஆள். துடைப்பேன், பெருக்குவேன், டயருக்குக் காற்று பார்ப்பேன்.

அந்த டயர் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறக்கைக்குக் கீழே இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒட்டி ஒட்டி இருக்கும். ஒன்றில் காற்று இறங்கினாலும் பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். நின்றால் நன்றாகத்தான் நிற்கும். அதனால்தான் எங்கள் கேப்டன் ராகவன் சார் தினமும் கத்துவார், "கண்ணால பார்க்காதே ஏழுமலை, மீட்டர் வெச்சுப் பாரு" என்று.

அன்றைக்கு முதலாளியை அழைத்துவரத் திருச்சிக்குப் போகிறார்கள், என்னையும் வரச் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருடமாக அந்த விமானத்தைக் கழுவுகிறேன், ஒரு நாள் பறந்ததில்லை. முந்தின நாளே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யோவ், மேல போய் ஜன்னலத் தொறந்து எச்சி துப்பாதே, மானம் பூடும்" என்றாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு செய்தேன். மூன்று டயரை மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். இடது பக்கத்து உள் டயருக்குக் குனிந்து கையை நுழைக்க வேண்டும், அதற்குள் "ஏறுய்யா, நேரமாச்சு" என்று கேப்டன் குரல். கையால் அமுக்கிப் பார்த்தேன். சேற்றுக்குள் எது இறால், எது கல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற கை இது, இதற்குத் தெரியாதா என்று ஒரு திமிர். கல் மாதிரிதான் இருந்தது. பக்கத்து டயரின் அளவையே இதற்கும் எழுதிவிட்டு ஏறிவிட்டேன்.

உள்ளே பயணி நான் ஒருவன்தான். சீட்டுகள் எதிரும் புதிருமாக இருக்கும், உட்கார்ந்தால் எதிர் ஆளின் முழங்கால் இடிக்கும். என் எதிரே காலி. முன்னால் கதவு திறந்தே இருந்தது, கேப்டனும் பக்கத்தில் துணை விமானி நந்தினி மேடமும் தெரிந்தார்கள். ஓட ஆரம்பித்ததும் எனக்கு வாயெல்லாம் பல். என்ன வேகம்! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. மூக்கு மேலே தூக்குகிற நேரம், அடியில் எங்கோ அரிசி மூட்டை விழுந்த மாதிரி ஒரு 'தொப்'. லேசாக ஒரு நடுக்கம். அவ்வளவுதான், தரை விட்டுப் போய்விட்டது. ஓடுபாதை நடுவில் பதித்திருக்கிற விளக்கின் மேல் ஏறியதாக நினைத்தோம் என்று அவர்களே பிறகு சொன்னார்கள். அவர்களுக்கே தெரியவில்லை என்றால் எனக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் என் வலது கெண்டைக்காலை ஒரு கை பிடித்து அமுக்கியது. ஒரு தடவை. விட்டு, இன்னொரு தடவை.

நம்பினால் நம்புங்கள், ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தேன், யாரும் இல்லை. ஆனால் அந்த அமுக்கு எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஏரியில் வரிசையாக உட்கார்ந்து தடவும்போது திருக்கை மீன் கைக்குத் தட்டுப்பட்டால் நாங்கள் கத்த மாட்டோம். கத்தினால் எல்லோரும் துள்ளி எழுந்து அதன் முள்ளிலேயே காலை வைத்துவிடுவார்கள். அதனால் பக்கத்து ஆளின் கெண்டைக்காலை இரண்டு தடவை அமுக்குவோம். காலைத் தூக்காதே, வைத்த இடத்திலேயே வை என்று அர்த்தம். அந்த அமுக்கு வந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

என் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த நொடி புத்தியில் பளிச்சென்று அடித்தது. விமானம் மேலே ஏறியதும் சக்கரத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். இதோ இழுக்கப் போகிறார்கள். அந்த 'தொப்' நான் அளக்காமல் விட்ட டயர்! பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன்.

"தூக்காதீங்கோ சார்! சக்கரத்தத் தூக்காதீங்கோ!"

நந்தினி மேடம் கை சக்கரத்தைத் தூக்குகிற லீவர் மேல் இருந்தது. கேப்டன் திரும்பாமலேயே, "யோவ், போய் உட்காருய்யா! பெல்ட்டப் போடு!" என்று கத்தினார்.

"டயரு வெடிச்சிட்ச்சி சார். லெப்ட்டுல உள் டயரு. நான் மீட்டர் வெக்கல சார், கையால அமுக்கிட்டு எழுதிட்டேன்!"

வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். சொல்லாவிட்டால் அவர் எதற்கு என்னை நம்புவார்? கேப்டன் நிதானமாக, "கைய எடும்மா. சக்கரம் அப்படியே இருக்கட்டும்" என்றார்.

கிழிந்த டயர் வயிற்றுக்குள் போனால் அதில் தொங்குகிற ரப்பர் வார்கள் பிரேக் எண்ணெய்க் குழாயை, ஒயரை எல்லாம் அறுத்துவிடுமாம். சூட்டோடு போனால் உள்ளேயே தீப்பிடிக்கும். சிக்கிக்கொண்டால் திரும்ப வெளியே வராது. வெளியே இருந்தால் காற்றாவது படும், இதெல்லாம் கேப்டன் பிறகு சொன்னது. அப்போது அவர் விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தகவல் சொன்னார், கீழே ஒரு ஜீப் ஓடுபாதையில் போய்ப் பார்த்தது. பதில் வந்தது. கறுப்பு ரப்பர் துண்டுகள் கிடக்கின்றன.

"ஒரு துண்டு ஆள் கை நீளம் இருக்காம் சார்" என்றார் மேடம்.

"கிழிஞ்சுது போ" என்றார் கேப்டன்.

ரப்பர் தெறித்து இன்ஜினுக்குள் போயிருக்கிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று முன்னால் இருக்கிற மீட்டர்களை ஒவ்வொரு முள்ளாகப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் உடனே இறங்க முடியாது, எரிபொருள் கொஞ்சம் எரிந்து எடை குறைய வேண்டும். கடல் மேல் வடக்கே போய்ச் சுற்றினோம். காட்டுப்பள்ளி துறைமுகத்து கிரேன்கள் தெரிந்தன. அதைத் தாண்டி எங்கள் ஏரி! தகடு மாதிரி மின்னியது. அதில் எறும்பு வரிசையாக ஆட்கள். அதில் ஒரு எறும்பு செல்வி. எனக்குப் பயம், அழுகை, பறக்கிற குஷி எல்லாம் ஒரே நேரத்தில்.

"என்னய்யா முணுமுணுக்கற?" என்றார் கேப்டன்.

"சாமி சார்."

"எனக்கும் சேர்த்து ஒண்ணு வேண்டிக்கோ."

பிறகு தாழ்வாகக் கோபுரத்தை ஒட்டி ஒரு தடவை பறந்தோம், அவர்கள் பைனாகுலரில் பார்த்துச் சொல்வதற்காக. இடது உள் டயர் நார் நாராகத் தொங்குகிறது, பக்கத்து டயர் முழுசாக இருக்கிறது. அது ஒன்றுதான் பாரம் தாங்க வேண்டும், அதுவும் போனால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டே போய்விடும்.

கேப்டன் இறக்கிய அழகை என்ன சொல்ல! நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலதாகக் கொண்டுவந்து, வலது சக்கரத்தை மட்டும் முதலில் வைத்தார். ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி ஓடியது விமானம். இடதைக் கடைசிவரை தூக்கிப் பிடித்து, வேகம் செத்த பிறகு மெல்ல விட்டார். தடதடவென்று அடித்தது, இடது பக்கம் இழுத்தது. இன்ஜினை எதிர்ப்பக்கம் ஊதவிட்டு, வலது பிரேக்கை மட்டும் தொட்டுத் தொட்டு நிறுத்தினார். ஓரம்கட்டவில்லை, ஓடுபாதையிலேயே நின்றோம். தீயணைப்பு வண்டி முன்பக்கமாக வந்தது. சூடான சக்கரம் பக்கவாட்டில்தான் வெடித்துத் தெறிக்குமாம்.

இறங்கியதும் காலில் விழப் போனேன். கேப்டன் தோளைப் பிடித்துத் தூக்கினார். "நீ பொய்யா எழுதினதுக்கு உன்னத் துரத்தணும். கத்தினதுக்கு உன்னக் கும்பிடணும். ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதத்தான் போறேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "எங்களுக்கே தெரியல. உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"கால அமுக்கினாங்க சார்."

"யாரு?"

"கன்னியம்மா சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதம் என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள், பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். அது கிடக்கட்டும், அன்று சாயங்காலத்துக்கு வருகிறேன். திருப்பாலைவனம் ஊரைத் தாண்டி பஸ் வரும்போதே கன்னியம்மாவுக்குப் பொங்கல் வைப்பதாக முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் செல்வி கேட்டாள்.

"யோவ், இன்னிக்கி நீ ஏரிக்கு வந்தியா?"

"இன்னாடி உளறுற?"

"பத்து மணி இருக்கும். வரிசையில நாந்தான் கடசி ஆளு, எனக்கு எடப்பக்கம் யாருமே இல்ல. தடவுனா கைல ஷூ தட்டுப்படுது. எந்த பேமானி ஷூவோட எறங்குனான்னு மேல தடவுனேன், பேன்ட்டு. கெண்டக்கால்ல பள்ளம். அன்னிக்கி உன்னத் திருக்க குத்திச்சே, அந்தப் பள்ளம். அதே நேரத்துக்கு என் கைக்குக் கீழ வழவழன்னு திருக்க ஒண்ணு போவுது. ரெண்டு வாட்டி அமுக்கிட்டு நிமிந்தேன். வெறுந் தண்ணிய்யா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். கன்னியம்மாதான் அவள் கையாக வந்தாள் என்று கற்பூரம் ஏற்றிப் பொங்கல் பானையும் வைத்தாயிற்று.

பானையைக் கிளறிக்கொண்டே செல்வி சொன்னாள், "ஒண்ணு சொல்லல. உன் காலுக்கு எதுத்தாப்புல, முட்டிக்கு முட்டி ஒட்டினாப்புல, இன்னொரு காலு இருந்துச்சி. வெறுங்காலு. சின்னது. கொலுசு போட்டுக்கினு."

"கன்னியம்மாதான்டி!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "சாமி காலு அப்பிடி வெடவெடன்னு நடுங்குமாய்யா?" என்றாள்.

முழங்கால் இடிக்கிற தூரத்தில் காலியாகக் கிடந்த அந்த எதிர் சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அந்த விமானத்தை இன்னும் நான்தான் துடைக்கிறேன். எதிர் சீட்டுக்கு வரும்போது மட்டும், யாரும் கேட்காதபடி, "பயப்படாதேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் துணியை வைக்கிறேன்.